வாக்குப் பொறியும் தோட்டத் தமிழரும்

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் வேளையைக் கண்டவர்கள் ஒரு காட்சியை மறந்திருக்க மாட்டார்கள். முதுகுக் கூடையை இறக்கி வைத்த பெண், இடுப்பு வலியையும் பொருட்படுத்தாது தராசின் முள்ளையே பார்த்துக்கொண்டு நிற்பாள். மண்டோர் உரக்கச் சொல்லும் எண்ணும், முள் காட்டிய எண்ணும், கிராணி ஏட்டில் எழுதிய எண்ணும் ஒன்றுதானா என்பதே அவளுடைய கவலை. கூடையின் எடை என்றும் கொழுந்தின் ஈரம் என்றும் கழிப்பன கழித்து எஞ்சியதே அவளுடைய கூலி. பள்ளிக்கூட வாசலை மிதித்திராத பாட்டியும் அந்த முள்ளைப் படிக்கத் தெரிந்து வைத்திருந்தாள். கண்முன் நிறுக்காத கொழுந்துக்குக் கணக்கு உண்டு என்று யாரேனும் கூறியிருந்தால் அவள் சிரித்திருப்பாள். அல்லது பெரட்டுக்களத்தில் சண்டைக்கு நின்றிருப்பாள்.

அந்தப் பாட்டிக்கு இருந்த தெளிவு, இன்று மேடையேறி மலேசியத் தேர்தலுக்கும் மின்னணு வாக்குப் பொறி வேண்டும் என்று முழங்குவோருக்கு இல்லை. தாளும் எழுதுகோலும் பழமையின் சின்னங்களாம். பொத்தானை அழுத்துவதே வளர்ச்சியாம். பட்டிமன்றங்களில் இக்கூற்றுக்குக் கைதட்டல் கிடைக்கின்றது. அறிவியல் வளர்ச்சி என்ற தலைப்பில் மாணவர் எழுதும் கட்டுரைகளில் இது கேள்வியின்றி இடம்பெறுகின்றது. ஆசிரியரும் சரியென்று குறியிட்டு மதிப்பெண் வழங்கி விடுகின்றார். இக்கருத்து தவறானது. தவறானது மட்டுமன்று, கேமரன் மலை போன்ற தொகுதிகளில் சிறுபான்மையராக வாழும் தமிழ் வாக்காளருக்குக் கேடு பயப்பதுமாகும்.

கேமரன் மலையை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. 2004ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில்தான் அது முதன்முதலாகத் தனி நாடாளுமன்றத் தொகுதியாக வாக்களித்தது. ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் ஆகிய மலைநகரங்களும், போ, சுங்கை பாலாஸ், புளூ வேலி முதலிய தேயிலைத் தோட்டங்களும், சீனர்களின் காய்கறிப் பண்ணைகளும், ஜெலாய் பகுதியின் மலாய்க் கம்பங்களும், காட்டுக்குள் சிதறிக் கிடக்கும் ஓராங் அஸ்லி குடியிருப்புகளும் சேர்ந்தது அத்தொகுதி. எந்த ஓரினமும் தனித்து வெல்ல முடியாத கலவை அது. 2019ஆம் ஆண்டு இடைத்தேர்தலின்போது இந்திய வாக்காளர் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைந்து பேரே இருந்தனர். அப்பதினைந்து பேரின் வாக்கு வெற்றியைத் தீர்மானிக்குமா என்று ஐயுறுவோர் பின்வரும் எண்களை நோக்குக.

2013ஆம் ஆண்டில் ம.இ.கா.வின் கோ. பழனிவேல் 10,506 வாக்குகளும், ஜனநாயகச் செயல் கட்சியின் எம். மனோகரன் 10,044 வாக்குகளும் பெற்றனர். வேறுபாடு 462. 2018ஆம் ஆண்டில் ம.இ.கா.வின் சி. சிவராஜ் வென்றபோது வேறுபாடு 597. ஐந்நூறு வாக்கு என்பது என்ன? நான்கைந்து தோட்டத்து லயங்களில் குடியிருந்த மக்களின் தொகை. மழையில் ஒரு பேருந்து தாமதமானாலும் ஆட்டங்காணக்கூடிய முடிவு.

அந்த 2018ஆம் ஆண்டு முடிவும் நிலைக்கவில்லை. ஓராங் அஸ்லி வாக்காளரைக் கவர்வதற்காகப் பணம் வழங்கப்பட்டது என்ற வழக்கில், அதே ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் தேர்தல் நீதிமன்றம் அத்தேர்தல் செல்லாது எனத் தீர்ப்பளித்தது. 2019 ஜனவரி 26ஆம் நாள் நடைபெற்ற இடைத்தேர்தலில் தேசிய முன்னணியின் ரம்லி முகமட் நோர் 3,238 வாக்கு வேறுபாட்டில் வென்று, நாடாளுமன்றத்தின் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் ஓராங் அஸ்லி உறுப்பினரானார். யார் வென்றார், யார் தோற்றார் என்பது இங்குப் பொருளன்று. நோய் எங்கே இருந்தது என்பதே பொருள். வாக்குச் சீட்டில் நோய் இல்லை, எண்ணிக்கையில் இல்லை, எழுதுகோலில் இல்லை. வாக்குச் சாவடிக்கு வெளியே, கைமாறிய பணத்தில் இருந்தது. அப்பணத்தைக் கண்ட மனிதர்கள் சாட்சி கூறினர், நீதிமன்றம் கேட்டது. எந்தப் பொறியைக் கொண்டுவந்து வைத்திருந்தால் இந்நோய் தீர்ந்திருக்கும்? காலில் முள் தைத்தவனுக்குக் கண்ணில் மருந்திடுவோர்தாம் இதற்குப் பொறியைப் பரிந்துரைப்பர்.

வாக்கைப் பதிவு செய்யும் பொறி புதியதன்று. 1869ஆம் ஆண்டிலேயே தாமஸ் எடிசன் சட்டமன்ற உறுப்பினர்களின் வாக்கை மின்சாரத்தால் பதியும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய முதற் காப்புரிமை அதுவே. உறுப்பினர்கள் அதனை ஏற்கவில்லை. அவ்வளவு விரைவாக வாக்கெடுப்பு முடிந்துவிட்டால் எதிர்ப்பைத் திரட்டவும் மனத்தை மாற்றவும் நேரமிராது என்பது அவர்கள் எண்ணம். விரைவு என்பது எல்லா இடத்திலும் நன்மையன்று என்பதை அரசியல்வாதிகள் எடிசனுக்குக் கற்பித்தார்கள் போலும். பின்னர் 1892ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலத்தின் லாக்போர்ட் நகரில் நெம்புகோல் பொறி வந்தது. 1960களில் துளை அட்டை வந்தது. இவற்றுக்கெல்லாம் முன்பே, 1856ஆம் ஆண்டில், ஆஸ்திரேலியாவின் விக்டோரியா குடியேற்றத்தில் அரசே அச்சிட்ட சீட்டில் மறைவாகக் குறியிடும் முறை தோன்றியிருந்தது. மலாயா 1955 ஜூலை 27ஆம் நாள் தன் முதற் பொதுத்தேர்தலில் கையாண்டதும் அந்தச் சீட்டு வழியே. பொறிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பழைய இரும்புக் கடைக்குச் சென்றுவிட்டன. சீட்டு இன்னும் இருக்கின்றது.

இந்தியாவைப் பாருங்கள் என்பர் பொறியை வேண்டுவோர். பார்க்கத்தான் வேண்டும், முழுமையாகப் பார்க்க வேண்டும். அவர்கள் காட்டும் சான்றுகளுள் தமிழருக்கு நெருக்கமானது எழுத்தாளர் சுஜாதாவின் பெயர். பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளர் எஸ். ரங்கராஜனாகப் பணியாற்றிய அவர், அந்த வாக்குப் பொறியின் உருவாக்கத்தில் முதன்மைப் பங்கு வகித்தவர். கதை படித்து வளர்ந்த தலைமுறைக்கு அதில் பெருமிதம் உண்டு, இருக்கட்டும். ஆனால் தமிழன் செய்தான் என்பதனால் ஒரு கருவி எல்லா நாட்டுக்கும் பொருந்திவிடாது. பெருமிதம் சான்றாகாது.

அப்பொறி முதன்முதலாக 1982 மே 19ஆம் நாள் கேரளத்தின் பரவூர் சட்டமன்றத் தொகுதியில் 50 வாக்குச் சாவடிகளில் வைக்கப்பட்டது. சிவன் பிள்ளை 123 வாக்கு வேறுபாட்டில் வென்றதாக அறிவிக்கப்பட்டது. ஏ.சி. ஜோஸ் வழக்குத் தொடுத்தார். சட்டத்தில் இடமில்லாத பொறியைத் தேர்தல் ஆணையம் தன் விருப்பப்படி புகுத்த முடியாது என்று 1984ஆம் ஆண்டில் இந்திய உச்ச நீதிமன்றம் கூறி, அந்த 50 சாவடிகளிலும் சீட்டு முறையில் மறுவாக்கெடுப்புக்கு ஆணையிட்டது. மறுவாக்கெடுப்பில் ஜோஸ் வென்றார். 1988ஆம் ஆண்டு இறுதியில் சட்டம் திருத்தப்பட்ட பின்னரே பொறிக்கு வழி பிறந்தது. 1998ஆம் ஆண்டில் 16 சட்டமன்றத் தொகுதிகள், 2001ஆம் ஆண்டில் தமிழகம் உள்ளிட்ட சில மாநிலங்கள், 2004ஆம் ஆண்டில் நாடு முழுமையும் என்று அது பரவிற்று.

இந்தியாவுக்குப் பொறி தேவைப்பட்ட காரணத்தை மறைப்பது நேர்மையாகாது. அங்கே சில மாநிலங்களில் சாவடியைக் கைப்பற்றுதல் என்ற கொடிய வழக்கம் இருந்தது. ஆயுதங்களுடன் புகுந்த கூட்டம் சீட்டுக் கட்டுகளைப் பறித்து, நூற்றுக்கணக்கில் முத்திரை குத்திப் பெட்டியில் திணித்துவிடும். நிமிடத்துக்கு ஐந்து வாக்குகளுக்குமேல் ஏற்காத பொறி அக்கூட்டத்தின் வேகத்தைக் கட்டிப்போட்டது. அன்றியும் அந்நாட்டின் அளவே வேறு. 1996ஆம் ஆண்டில் தமிழகத்தின் மொடக்குறிச்சித் தொகுதியில் 1,033 வேட்பாளர்கள் நின்றனர். வாக்குச் சீட்டைப் புத்தகமாகவே அச்சிட வேண்டியதாயிற்று. புத்தகத்தை மடித்துப் பெட்டியில் போட்ட வாக்காளரின் பொறுமையைப் போற்ற வேண்டும். 2024ஆம் ஆண்டில் இந்திய வாக்காளர் 96 கோடிக்கும் மேல். மலேசியாவில் 2022ஆம் ஆண்டில் ஏறத்தாழ 2 கோடியே 10 இலட்சம். இங்கே ஒரு வாக்காளர் கையில் பெறுவது மிஞ்சிப்போனால் நாடாளுமன்றத்துக்கு ஒன்று, சட்டமன்றத்துக்கு ஒன்று என இரண்டு சீட்டுகள். ஒவ்வொன்றிலும் சில பெயர்கள். ஆயுதக் கூட்டம் இல்லை; ஆயிரம் வேட்பாளர் இல்லை. பிறர் நோய்க்கு எழுதிய மருந்துச் சீட்டை வாங்கி வந்து நலமாக இருப்பவன் வாயில் ஊற்றலாமா?

அதனினும் முக்கியமானது, அந்த இந்தியாவே பின்னர் என்ன செய்தது என்பது. பொத்தானை அழுத்தினேன், விளக்கு எரிந்தது, ஒலி எழுந்தது; உள்ளே எவர் பெயரில் பதிவாயிற்று என்று எனக்கு எப்படித் தெரியும் என வாக்காளர் கேட்டனர். பல்லாண்டு வழக்காடிய பின் 2013ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம், வாக்காளர் தம் வாக்கைத் தாளில் கண்டு உறுதி செய்யும் வசதி நேர்மையான தேர்தலுக்கு இன்றியமையாதது என்று கூறிற்று. அவ்வாண்டு நாகாலாந்தின் நொக்சென் தொகுதியில் முதலில் பயன்பட்ட அக்கருவி, 2019ஆம் ஆண்டில் எல்லாச் சாவடிகளுக்கும் வந்தது. வாக்காளர் அழுத்திய சின்னம் ஒரு சிறு தாளில் அச்சாகி, கண்ணாடிக்குப் பின்னால் ஏழு நொடி நின்று, அறுந்து பெட்டிக்குள் விழும். அதாவது, தாளை ஒழிப்பதற்கு வந்த பொறி, தன் நேர்மையை மெய்ப்பிக்க மீண்டும் தாளிடமே சாட்சி கேட்டு நின்றது! அத்தாள்களையும் எல்லாம் எண்ணுவதில்லை. ஒரு சட்டமன்றத் தொகுதிப் பகுதிக்கு ஐந்து பொறிகளின் தாள்களே எண்ணி ஒப்பிடப்படுகின்றன. முழுவதையும் எண்ண வேண்டும், அல்லது சீட்டு முறைக்கே திரும்ப வேண்டும் என்ற வேண்டுகோளை 2024 ஏப்ரல் 26ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. இந்தியாவின் பெரும்பரப்பில் அம்முடிவுக்கு நியாயம் இருக்கலாம். ஆயினும், ஐயம் தீரவில்லை என்பதற்கு அவ்வழக்கே சான்று.

சீட்டுக்கும் குறை உண்டு என்று மறுப்பார் கூறுவர். உண்டு. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் அதிபர் தேர்தல் 537 வாக்குகளில் முடிந்தது. கேமரன் மலையின் 462க்கும் 597க்கும் இடைப்பட்ட எண் அது. ஏறத்தாழ 60 இலட்சம் பேர் வாக்களித்த மாநிலத்தில் உலகமே அந்த ஐந்நூற்றைப் பார்த்துக்கொண்டிருந்தது. அங்கே குழப்பம் விளைத்தது எழுதுகோலால் குறியிட்ட சீட்டன்று. பொறி படிப்பதற்கென்று துளையிட்ட அட்டை. துளையிலிருந்து முழுதும் அறாமல் தொங்கிய துண்டுகளை அதிகாரிகள் விளக்கொளியில் தூக்கிப் பிடித்து ஆராய்ந்த படங்கள் செய்தித்தாள்களில் வந்தன. அதைக் கண்டு வெட்கிய பல ஊர்கள், தாளே இல்லாத தொடுதிரைப் பொறிகளை வாங்கின. விளைவு என்ன? 2006ஆம் ஆண்டில் அதே புளோரிடாவின் சரசோட்டா வட்டாரத்தில், நாடாளுமன்ற இடத்துக்கான போட்டியில் ஏறத்தாழ 18,000 வாக்காளர் எவருக்கும் வாக்களிக்கவில்லை என்று பொறி கூறிற்று. வெற்றி வேறுபாடோ 369. அந்தப் பதினெட்டாயிரம் பேர் உண்மையிலேயே வாக்களிக்கவில்லையா, திரையின் அமைப்பு அவர்களைக் குழப்பிற்றா, பொறி பிழைத்ததா? மீண்டும் எண்ணுவதற்குத் தாள் இல்லை. தொங்கும் துண்டையாவது விளக்கில் பிடித்துப் பார்க்க முடிந்தது. இங்கே பிடித்துப் பார்க்க ஒன்றுமே இல்லை. புளோரிடா அடுத்த ஆண்டே சட்டம் இயற்றித் தாளுக்குத் திரும்பிற்று.

பெல்ஜியத்தின் ஸ்கார்பேக் நகரில் 2003ஆம் ஆண்டில் நடந்தது இன்னும் விந்தையானது. ஒரு வேட்பாளருக்குக் கணினி 4,096 வாக்குகளை மிகுதியாகக் கூட்டிவிட்டது. அவர் பெறக்கூடிய வாக்கினும் அது மிகுந்துபோனதால்தான் பிழை வெளிப்பட்டது. 4,096 என்பது இரண்டைப் பன்னிரண்டு முறை பெருக்கினால் வரும் எண். கணினியின் நினைவகத்தில் ஒரே ஒரு சுழியம் ஒன்றாகப் புரண்டால் நேரக்கூடிய பிழை. எவரும் சதி செய்ததாகத் தெரியவில்லை. கேமரன் மலையில் 2013, 2018, 2019 ஆகிய மூன்று தேர்தல்களின் வெற்றி வேறுபாடுகளையும் தனித்தனியே விழுங்கிவிடக் கூடியது அந்த ஒரே பிழை. அங்கே வேட்பாளர் பெறக்கூடிய எல்லையை அது தாண்டிற்று. தாண்டாமல் அடக்கமாக ஓர் ஐந்நூறு மட்டும் கூட்டியிருந்தால் எவர் கண்டுபிடித்திருப்பர்?

தொழில்நுட்பத்தில் பின்தங்கிய நாடுகள்தாம் தாளைப் பற்றிக்கொண்டிருக்கின்றன என்பது மற்றொரு பொய். நெதர்லாந்து தன் பொறிகளின் மறைவுத்தன்மையும் பாதுகாப்பும் ஐயத்துக்குள்ளானதும் 2008ஆம் ஆண்டில் அவற்றைக் கைவிட்டுச் சிவப்புப் பென்சிலை எடுத்தது. அயர்லாந்து 5 கோடி யூரோவுக்கு மேல் செலவிட்டு வாங்கிய பொறிகளை, 2002ஆம் ஆண்டில் மூன்று தொகுதிகளில் சோதித்ததோடு கிடங்கில் அடைத்து, 2012ஆம் ஆண்டில் ஏறத்தாழ 70,000 யூரோவுக்குப் பழைய இரும்பாக விற்றது. ஜெர்மனியில் ஏறத்தாழ 20 இலட்சம் வாக்காளர் 2005ஆம் ஆண்டுத் தேர்தலில் பொறிவழி வாக்களித்தனர். 2009 மார்ச் 3ஆம் நாள் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் அப்பொறிகளின் பயன்பாடு அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. தேர்தலின் முக்கியமான படிகள் அனைத்தையும் சிறப்புத் தொழில்நுட்ப அறிவு இல்லாத குடிமகனும் சரிபார்க்கக் கூடியதாக இருக்க வேண்டும் என்பது அந்நீதிமன்றம் கூறிய காரணம். ஜெர்மானிய நீதிபதிகள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர்களல்லர். எனினும் தராசு முள்ளைப் பார்த்து நின்ற பாட்டியின் நியாயத்தைத்தான் அவர்கள் எழுதினார்கள்.

இவ்விடத்தில் உத்தரமேரூர்க் கல்வெட்டை நினைவூட்டாமல் எந்தத் தமிழ்க் கட்டுரையும் முடிவதில்லை. முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், 919ஆம் ஆண்டிலும் 921ஆம் ஆண்டிலும் வெட்டப்பட்டவை அவை. உலகிற்கே வாக்குரிமை வழங்கியவன் தமிழன் என்று மேடையில் கூறிவிட்டுத் துண்டை உதறிக்கொள்வதே வழக்கமாகிவிட்டது. குடவோலை வாக்கெடுப்பன்று, அது திருவுளச் சீட்டு. 35 வயதுக்குக் குறையாமலும் 70 வயதுக்கு மேற்படாமலும், வரி செலுத்தும் கால்வேலி நிலமும் சொந்த மனையில் வீடும் வேதப் பயிற்சியும் உடையவர் பெயர்களே ஓலையில் ஏறின. கொழுந்து பறிப்பவளின் பெயர் அந்தக் குடத்தின் அருகில்கூட வந்திருக்காது. முன்பு பொறுப்பு வகித்துக் கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் தகுதியற்றவர் என்பதும் அங்கே விதி. அவ்விதியை இன்றைய சங்கங்களுக்குப் பொருத்தினால் எத்தனை செயலவைகள் மிஞ்சும் என்பது வேறு கேள்வி.

ஆனால் பெருமை பேசுவோர் கவனியாமல் விட்ட ஒரு பகுதி அக்கல்வெட்டில் இருக்கின்றது. முதியவர் ஒருவர் குடத்தை எல்லா மக்களும் காணும்படி உயர்த்திப் பிடிக்க வேண்டும். உள்ளிருப்பது இன்னதென்று அறியாத சிறுவனைக் கொண்டு ஓலையை எடுக்க வேண்டும். அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையிலே ஏற்றுக்கொள்ள வேண்டும். அவன் படித்த பின்னர் அங்கிருந்த நம்பிமார் எல்லாரும் அதனைப் படிக்க வேண்டும். ஏன் இத்தனை ஏற்பாடு? விரல் மடங்கினால் அந்த இடுக்கில் வேறோர் ஓலை இருக்கக் கூடும். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஓர் ஊர், மனிதனின் கைத்திறமையை இவ்வளவு நுணுக்கமாகச் சந்தேகித்து, அச்சந்தேகத்துக்கு இவ்வளவு எளிய மருந்தும் கண்டிருக்கின்றது. விரித்த உள்ளங்கை! மின்னணுப் பொறியின் உள்ளங்கை எங்கே இருக்கின்றது? அதை விரித்துக் காட்டுங்கள் என்றால், எங்கள் பொறியாளர் பார்த்துவிட்டார், நம்புங்கள் என்கின்றனர்.

மலேசியச் சாவடியில் நடப்பதையும் பாருங்கள். வாக்களிப்பு முடிந்ததும் பெட்டி வேறெங்கும் பயணம் போவதில்லை. அதே அறையில், அதே சாலுரானில், முகவர்களின் முன்னிலையில் திறக்கப்படுகின்றது. அதிகாரி ஒவ்வொரு சீட்டையும் முகவர்கள் காணும்படி தூக்கிப் பிடிக்கின்றார். ஐயத்துக்குரிய சீட்டென்றால் முகவர் மறுப்புக் கூறலாம். எண்ணி முடித்ததும் முடிவு 14ஆம் பாரத்தில் எழுதப்பட்டு முகவர்களுக்கும் படி வழங்கப்படுகின்றது. வாக்குச் சாவடிகளாக மாறுவன பெரும்பாலும் பள்ளிக்கூடங்களே. அதிகாரிகளாக அமர்வோரில் ஆசிரியர் பலர். தூக்கிப் பிடித்த சீட்டு, விரித்த உள்ளங்கைக்கு எவ்வளவு அருகில் இருக்கின்றது என்பதை அப்பணியில் அமர்ந்த தமிழாசிரியர்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. அவர்களே வகுப்பறைக்குத் திரும்பி, பொறியே வளர்ச்சி என்ற கட்டுரைக்குச் சரிக்குறி இடுவதுதான் வியப்பு.

இம்முறையிலும் ஒரு குறை உண்டென்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும். சில நூறு பேர் மட்டுமே வாக்களிக்கும் இடத்தில் எண்ணினால், அத்தோட்டத்தார் யாருக்கு வாக்களித்தனர் என்பது ஊருக்குத் தெரிந்துவிடுகின்றது. சீட்டின் தொடர் எண்ணைக் கொண்டு ஆளையே கண்டுபிடித்துவிடுவர் என்ற வதந்தியும் தோட்டப்புறங்களில் உலவியதுண்டு. தேர்தல் முடிந்ததும் வீடு போய்விடும், வேலை போய்விடும் என்று அஞ்சிய தலைமுறை ஒன்று இருந்தது. இவ்வச்சத்தைப் பொறி போக்குமா? தாளில் ஓர் எண்ணைக் கண்டே அஞ்சியவன், தன் விரல் பட்ட நேரத்தையும் வரிசையையும் உள்ளே குறித்துக்கொள்ளக் கூடிய கருவியைக் கண்டு அச்சம் நீங்குவானா?

எழுத்தறியாதவருக்குப் பொறி எளிது என்ற வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. பிரேசில் 1996ஆம் ஆண்டு முதல் வேட்பாளரின் படத்தைக் காட்டும் பொறியைக் கொண்டுவந்தபோது, கல்வி குறைந்தோரின் செல்லா வாக்குகள் பெரிதும் குறைந்தன. ஆனால் அதற்கு முன் பிரேசிலின் சீட்டில் வாக்காளர் வேட்பாளரின் பெயரையோ எண்ணையோ தம் கையால் எழுத வேண்டியிருந்தது. மலேசியச் சீட்டில் சின்னம் அச்சாகியிருக்கின்றது. அதற்கு நேரே ஒரு பெருக்கல் குறி போதும். தோட்டத்துப் பெண்கள் தராசையும் கப்பலையும் ராக்கெட்டையும் எழுத்தில்லாமலே அடையாளம் கண்டு ஐம்பது அறுபது ஆண்டுகளாக வாக்களித்து வந்திருக்கின்றனர். அவர்களுடைய பெயரைச் சொல்லிப் பொறி விற்க வேண்டாம்.

இந்நாட்டிலேயே ஒரு முன்னோட்டம் நடந்ததையும் மறத்தல் கூடாது. 2018ஆம் ஆண்டில் மக்கள் நீதிக் கட்சி தன் உட்கட்சித் தேர்தலைக் கைக்கணினி கொண்டு நடத்திற்று. கருவிகளைப் பற்றிய புகார்களும் சச்சரவும் எழுந்தன. ஒரே கட்சியின் தோழர்களுக்குள்ளேயே நம்பிக்கையை உண்டாக்க முடியாத கருவி, பகைத்து நிற்கும் கட்சிகளுக்கிடையே 462 வாக்கு வேறுபாட்டைத் தோற்றவர் ஏற்றுக்கொள்ளும்படி செய்துவிடுமா?

தாளிலும் திருட்டு நடக்கும் என்பதை எவரும் மறுக்கவில்லை. ஆனால் ஆயிரம் சீட்டைத் திருடப் பல கைகள் வேண்டும். பல வாய்களை மூட வேண்டும். சீட்டைச் சுமக்க வேண்டும். திருடியவன் தடயம் விட்டுச் செல்கின்றான். நிரலில் ஒரு வரியை மாற்றுபவனுக்கு ஒரு கை போதும்.

பொறிக்கென்று திரட்டப்படும் ஆர்வத்தில் பாதியேனும் உண்மையான குறைகளின்மேல் திரும்பட்டும். விரலில் பூசும் அழியா மையை 1962ஆம் ஆண்டு முதல் இந்தியா பயன்படுத்தி வருகின்றது. வெள்ளி நைட்ரேட்டு கலந்த எளிய பொருள். மலேசியாவிலோ 2008ஆம் ஆண்டுத் தேர்தலுக்கு அதனை வாங்கி வைத்தும், வாக்களிப்புக்குச் சில நாள்களே இருக்கையில் வேண்டாமென்று அறிவித்தனர். 2013ஆம் ஆண்டில் அது வந்தபோது கழுவினால் போய்விடுகின்றது என்று வாக்காளர் புகார் கூறினர். ஒரு துளி மையைச் செம்மையாகப் பூசிக் காட்டிய பின் மின்னணுவைப் பற்றிப் பேசலாம். இந்நாட்டில் பிறந்து வளர்ந்தும் நீல அடையாள அட்டை இல்லாமல், எந்தச் சாவடியிலும் நுழைய முடியாமல் முதுமையடைந்த இந்தியர்கள் இருக்கின்றனர். அவர்களுக்குச் சீட்டும் இல்லை, பொத்தானும் இல்லை. அட்டையைப் பெற்றுத் தர அலையாத தலைவர்கள் பொறியைப் பற்றி அறிக்கை விடுவது வெட்கக்கேடு.

2019 ஜூலையில் நாடாளுமன்றம் வாக்குரிமை வயதை 21இலிருந்து 18ஆகக் குறைத்தது. 2021 டிசம்பர் 15ஆம் நாள் முதல் அது நடைமுறைக்கு வந்து, பதிவும் தானாகவே நிகழ்கின்றது. ஐந்தாம் படிவத்தை முடித்த சில மாதங்களில் மாணவன் வாக்காளனாகி விடுகின்றான். அவனுக்கு 14ஆம் பாரம் என்றால் என்னவென்று தெரியாது. முகவராக அமர்ந்தால் எப்போது மறுப்புக் கூறலாம், எந்தக் குறி செல்லும், எது செல்லாது, கையொப்பமிடுமுன் எதையெல்லாம் கூட்டிப் பார்க்க வேண்டும் என்பதை அவனுக்கு எவரும் கற்பிக்கவில்லை. காட்டுப் பாதையில் நான்கு சக்கர விசை வண்டியன்றி வேறெதுவும் ஏறாத ஓராங் அஸ்லி குடியிருப்புச் சாவடிகளில் அமர முகவர்கள் எளிதில் கிடைப்பதில்லை. இரண்டு மணி நேரப் பயிற்சி போதும். ஒரு வெற்றுப் பெட்டியும், ஐம்பது மாதிரிச் சீட்டுகளும், கூட்டல் கழித்தல் அறிந்த பத்து மாணவர்களும் போதும். ரிங்லெட்டிலும் தானா ராத்தாவிலும் தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. சனிக்கிழமைகளில் அவற்றின் மண்டபங்கள் பெரும்பாலும் பூட்டியே கிடக்கின்றன.